லண்டோர்: முசூரிக்கு மேலே ஓர் அமைதியான மலையூர் – முழுமையான வழிகாட்டி

உத்தராகண்டின் முசூரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் மால் ரோட்டில் நடந்து, கெம்ப்டி அருவியில் நனைந்து, ரோப்காரில் கன் ஹில் ஏறிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதே மலையின் கிழக்குப் பக்கம், மால் ரோட்டைவிட இன்னும் 250 மீட்டர் உயரத்தில், தேவதாரு மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதுதான் லண்டோர். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'லண்டௌர்' என்று வரும்.

நான் முதல்முறை போனது ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை. வாடகைக் காரில் ஏறினோம். செங்குத்தான ஏற்றத்தில் ஒன்றரை மணி நேரம் கார் நகரவில்லை. மேலே போய் ஒரு டீ குடித்து, நாலு படம் எடுத்து, இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம். ஊரைப் பார்த்ததாகவே தோன்றவில்லை. இரண்டாம் முறை நவம்பரில் போய் மூன்று இரவு தங்கி, காரே தொடாமல் நடந்தேன். அப்போதுதான் இந்த ஊர் பிடிபட்டது. கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டாம் விதப் பயணத்துக்கான வழி.

இந்த ஊர் எதற்காக உண்டானது

இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி குழப்பம் தீரும். 1814இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நேபாளத்து கூர்க்கா அரசுக்கும் போர் மூண்டது. அதன் முடிவில் டூன் பள்ளத்தாக்கும் சுற்றியுள்ள மலைகளும் கம்பெனியின் கைக்கு வந்தன. 1815இல் கூர்க்கா வீரர்களைக் கொண்டே சிர்மூர் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. அதன் தளபதி பிரெடரிக் யங் என்ற அயர்லாந்துக்காரர். அவர் வேட்டைக்காக இந்த மலைக்கு வந்து, 1820களின் நடுவில் லண்டோர் சரிவில் ஒரு வீடு கட்டினார். தன் நாட்டு ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார்: முல்லிங்கர். அந்தக் கட்டடம் உருமாறி இன்றும் நிற்கிறது. அதன் பக்கத்து ஏற்றத்துக்கும் அதே பெயர்தான். லண்டோர் என்ற பெயரும் கடல் தாண்டி வந்ததுதான். வேல்ஸ் நாட்டின் லான்டௌரர் என்ற கிராமத்துப் பெயர் இங்கே வந்து திரிந்துவிட்டது.

1827இல் கம்பெனி இங்கே ஒரு சுகவாச நிலையம் தொடங்கியது. சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் நொந்துபோன வெள்ளைக்காரச் சிப்பாய்களை மேலே அனுப்பி, மாதக்கணக்கில் ஓய்வெடுக்க வைத்தார்கள். இந்த ஊரின் சாலையும் வீடும் தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் அந்த நோயாளிகளைச் சுற்றி வளர்ந்தவை. சாலைகள் மலைமுகட்டைச் சுற்றிச் சமமாகப் போவதைப் பார்க்கும்போது, உடம்பு தேறிக்கொண்டிருக்கும் ஆளைத் தினமும் நடக்கவைக்கத் தோதான பாதை என்றே எனக்குத் தோன்றும்.

ஆகவே லண்டோரில் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று ஒரு பட்டியலோடு ஓடினால் ஒன்றும் கிடைக்காது. ஓய்வெடுக்க வந்த நோயாளியைப் போல வாருங்கள். மெதுவாக நடங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் உட்காருங்கள், சீக்கிரம் தூங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லண்டோரின் மேல்பகுதி இன்றும் கன்டோன்மென்ட்தான், அதாவது ராணுவக் குடியிருப்புப் பகுதி. புதுக் கட்டடம் எழுப்பவும் மரம் வெட்டவும் அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு. கீழே முசூரி சரிவு முழுக்க கான்கிரீட் அடுக்குகளாக நிரம்பிய பிறகும் மேலே தேவதாருக் காடு மிஞ்சியிருப்பதற்கு அதுவே காரணம்.

எந்த மாதம் போவது

என் கேள்விக்கிடமற்ற பரிந்துரை: அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை. மழை கழுவிவிட்ட வானம். காலையில் பனிமலைகள் வரிசையாகத் தெரியும். மாலையில் 'வின்டர்லைன்' வரும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அடுத்த நல்ல காலம் மார்ச், ஏப்ரல். புரான்ஸ் மரங்கள் ரத்தச் சிவப்பாகப் பூக்கும் நேரம். ரோடோடெண்ட்ரான் என்று பாடப்புத்தகத்தில் படித்த அதே மரம். நீலகிரிச் சோலைகளிலும் அதன் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. உள்ளூரில் இந்தப் பூவிலிருந்து செய்த சர்பத் விற்பார்கள், கட்டாயம் குடித்துப் பாருங்கள்.

மே, ஜூன் மாதங்களில் டெல்லியே மேலே ஏறிவிடும். வேறு விடுமுறை கிடைக்காதவர்கள் திங்கள் முதல் வியாழன் வரை போகட்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடு வரை கனமழை. கருவாலி (ஓக்) மரத்தண்டுகளில் பெரணி முளைத்து, காடு முழுவதும் பச்சையாக மினுங்கும், உண்மைதான். ஆனால் மலைச்சாலையில் மண்சரிவு இருக்கும், புல்லில் அட்டை இருக்கும், பனிமலை ஒரு நாள்கூடத் தெரியாமல் போகலாம். முதல்முறை போகிறவர்களுக்கு இது வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் பனி பெய்யும். அழகுதான். ஆனால் சாலை உறைந்து கண்ணாடிபோல வழுக்கும், இரவு வெப்பம் பூஜ்யத்தைத் தொடும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக அது ஏற்ற காலமில்லை.

டேராடூன் வரை, அதற்கப்புறம் மலை

வாசல் டேராடூன்தான். 1900இல் அங்கே ரயில் வந்த பிறகே முசூரிப் பக்கம் கூட்டம் பெருகியது. டெல்லியிலிருந்து மூன்று நல்ல ரயில்கள் உண்டு: சதாப்தி, ஆனந்த் விஹாரிலிருந்து கிளம்பும் வந்தே பாரத், இரவு வண்டியான நந்தா தேவி எக்ஸ்பிரஸ். நந்தா தேவியில் வந்தால் விடியற்காலை டேராடூனில் இறங்கி, காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு மலைமேல் இருக்கலாம். சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் டெல்லியில் ஒரு பகல் ஓய்வெடுத்துவிட்டு இந்த இரவு வண்டியைப் பிடிப்பது உடம்புக்கு நல்லது. விமானம் என்றால் டேராடூனின் ஜாலி கிராண்ட் நிலையம். அங்கிருந்து முசூரி சுமார் 60 கிலோமீட்டர்.

டேராடூன் ரயில் நிலையத்திலிருந்து முசூரி சுமார் 35 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். நிலையத்தை ஒட்டியே முசூரிக்கான பேருந்து நிலையமும் டாக்சி சங்கமும் இருக்கின்றன. இங்கேதான் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். முசூரிக்கு இரண்டு முனைகள்: மேற்கே லைப்ரரி, கிழக்கே பிக்சர் பேலஸ். லண்டோருக்குப் போக வேண்டுமானால் பிக்சர் பேலஸ் பேருந்தில்தான் ஏற வேண்டும். லைப்ரரியில் இறங்கிவிட்டால் மால் ரோடு முழுவதையும் சுமையோடு கடக்க வேண்டியிருக்கும்.

சுற்றுலாப் பயணிகள் முன்கூட்டி இணையத்தில் பதிவு செய்யும் முறையை 2025இல் முசூரியில் கொண்டுவந்தார்கள். கிளம்பும் முன் நீங்கள் தங்கும் இடத்தில் கேட்டு, என்ன தேவையோ அதை முடித்துக்கொள்ளுங்கள்.

மலைச்சாலையில் வளைவுகள் அதிகம். வாந்தி வரும் பழக்கம் இருந்தால் டேராடூனிலேயே லேசாகச் சாப்பிட்டு, மருத்துவர் சொன்ன மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள். முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்தைப் பாருங்கள், கைப்பேசியைத் தொடாதீர்கள்.

நல்ல நடை உள்ளவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. மோட்டார் சாலை வருவதற்கு முன் எல்லாரும் டேராடூனுக்கு மேலேயுள்ள ராஜ்பூரிலிருந்து ஜரிபானி வழியாகக் குதிரைப் பாதையில்தான் ஏறினார்கள். முடியாதவர்களைத் 'தண்டி' என்ற நாற்காலிப் பல்லக்கில் வைத்து ஆட்கள் சுமந்தார்கள். அந்தப் பாதை இன்னும் இருக்கிறது. ராஜ்பூரில் ஷாஹன்ஷாஹி ஆசிரமத்துப் பக்கம் தொடங்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் ஜரிபானி வந்துவிடலாம். ரயில்வே நடத்தும் ஓக் குரோவ் பள்ளி 1888 முதல் அங்கேதான் இருக்கிறது. சுமையை நண்பரோடு வண்டியில் அனுப்பிவிட்டு இப்படி ஏறிப் பாருங்கள். கீழே சால் மரம், நடுவே புதர், மேலே கருவாலி என்று காடு மாறிக்கொண்டே வருவதைக் காலாலேயே உணரலாம்.

எத்தனை இரவு, எங்கே

குறைந்தது இரண்டு இரவு. மூன்று கிடைத்தால் மிக நல்லது. ஒரு காலை மேகம் மூடிவிட்டால் மறுநாள் காலை உங்களுக்கு மிஞ்ச வேண்டும், அதற்காகத்தான்.

மேலே அறைகள் மிகக் குறைவு. 1840இல் கட்டிய ரோக்பி மேனர் பழைய கல் வீடு, விலை அதிகம். சிஸ்டர்ஸ் பஜாரில் தேவ்தார் வுட்ஸ் போன்ற நடுத்தர விடுதிகளும், வீட்டின் ஒரு பகுதியை விடும் குடும்பங்களும் உண்டு. அக்டோபர், நவம்பர் வார இறுதி என்றால் இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: வண்டி வாசல் வரை வருமா, அல்லது படி ஏற வேண்டுமா? அறையில் ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்களுக்கு முதல் கேள்விதான் உயிர். மலை வீடுகளில் நாற்பது ஐம்பது படி இறங்கித்தான் அறை என்பது சர்வ சாதாரணம்.

மேலே இடம் கிடைக்கவில்லையென்றால் லண்டோர் பஜாரிலோ பிக்சர் பேலஸ் பக்கமோ தங்கி, காலையில் நடந்து ஏறலாம். அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

பைக்குள்

உயரம் கூடக்கூட, 1,000 மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி வீதம் குளிர் ஏறும். டேராடூன் சுமார் 640 மீட்டர், லண்டோர் முகடு 2,270 மீட்டருக்குப் பக்கம். ஆக, கீழே சட்டையோடு நின்ற நீங்கள் மேலே போனதும் பத்து டிகிரி குறைந்துவிடும். நவம்பர் என்றால் தெர்மல் உள்ளாடை, ஸ்வெட்டர், காற்றுப் புகாத ஜாக்கெட், காது மூடும் குல்லாய். ஒரே தடிமனான கோட்டைவிட இப்படி அடுக்கடுக்காகப் போடுவதே நல்லது. ஏறும்போது வியர்க்கும், உட்கார்ந்தால் குளிரும், கழற்றிப் போட வசதி வேண்டும்.

காலணியில் சமரசம் வேண்டாம். தேவதாரு ஊசியிலை விழுந்த ஈரச் சாலையில் தேய்ந்த அடிப்பாகம் வழுக்கிவிடும். ஒரு டார்ச், ஒரு தண்ணீர்ப் புட்டி, குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு பை. கையில் ரொக்கம் வைத்திருங்கள். பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள், பனிமலைக்கும் பறவைக்கும் இரண்டுக்கும் உதவும்.

ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருவது நல்லது. மலைநோய் பொதுவாக இந்த உயரத்தில் வருவதில்லை, ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஊரில் லண்டோர் கம்யூனிட்டி ஆஸ்பத்திரி இருப்பது ஒரு தைரியம்.

முதல் நாள்: ஏறுங்கள், உட்காருங்கள்

பெட்டியை டாக்சியில் அனுப்பிவிட்டு நீங்கள் பிக்சர் பேலஸிலிருந்து நடக்கலாம். முதலில் மணிக்கூண்டு, பிறகு லண்டோர் பஜார். ஒரு வண்டி போனால் இன்னொன்று ஒதுங்க வேண்டிய அகலம்தான். துணிக்கடை, வெள்ளிக்கடை, பழம்பொருள் கடை, தையல்காரர், அல்வா, ஜிலேபி. கன்டோன்மென்டில் இருந்தவர்களுக்குச் சாமான் விற்க வந்த வியாபாரிகளால் உண்டான தெரு இது. இதை வண்டிக்குள் இருந்து பார்த்துவிட்டுப் போவது பெரிய இழப்பு.

பஜார் முடிந்ததும் முல்லிங்கர் ஏற்றம் தொடங்கும். நெஞ்சுக்கு நேராக நிற்கும் சாலை. இங்கேதான் வார இறுதிகளில் கார்கள் சிக்கிக்கொள்ளும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு தடைப்பட்டால் நின்றுவிடுங்கள். பிக்சர் பேலஸிலிருந்து ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரத்தில் சார் துகான் வந்துவிடும்.

சார் துகான் என்றால் நாலு கடை. பெயரில் உள்ளதுதான் ஊரின் மையம்: ஒரு மரநிழல், அதை ஒட்டி வரிசையாகச் சின்னக் கடைகள், வெளியே பெஞ்சுகள். இஞ்சி, எலுமிச்சை, தேன் போட்ட வெந்நீர் ஒன்று சொல்லிவிட்டு உட்காருங்கள். பன் ஆம்லெட்டும் மேகியும் பான்கேக்கும் கிடைக்கும். பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் தெரிவது செயின்ட் பால்ஸ் தேவாலயம். 1840இல் அர்ச்சிக்கப்பட்டது. பின்னாளில் காட்டுயிர்களுக்காகக் குரல் கொடுத்த ஜிம் கார்பெட்டின் பெற்றோர் 1859இல் இங்கேதான் திருமணம் செய்துகொண்டார்கள். கதவு திறந்திருந்தால் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். வண்ணக் கண்ணாடி வழியாக வரும் பிற்பகல் ஒளிக்காகவே போகலாம்.

அவ்வளவுதான் முதல் நாள். அறைக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மறுநாள் விடியலுக்கு முன் எழ வேண்டும்.

இரண்டாம் நாள்: சக்கர்

லண்டோர் முகட்டை எட்டு வடிவத்தில் சுற்றிவரும் சாலைக்கு உள்ளூரில் 'சக்கர்' என்று பெயர். சுமார் 3 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். இந்த ஒரு சாலைக்காகத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மூன்று முறை நடங்கள்: விடியலில், நண்பகலில், சூரியன் இறங்கும்போது. மூன்றும் மூன்று வேறு சாலைகள்.

விடியலில் லால் டிப்பா பக்கம் போங்கள். இதுதான் ஊரின் உச்சி. சூரியன் வருவதற்கு இருபது நிமிடம் முன்பே அங்கே இருக்க வேண்டும். வடக்கே முதலில் கறுப்பு முகடுகள், அதற்குப் பின்னால் இன்னும் முகடுகள், கடைசியில் ஒரு வெளிறிய கோடு. அது மேகம் என்று நினைப்பீர்கள். பிறகு அதன் நுனியில் ரோஜா நிறம் ஏறும். பந்தர்பூஞ்ச், 6,316 மீட்டர். பெயருக்குக் குரங்கு வால் என்று பொருள், அனுமனோடு சேர்த்துக் கதை சொல்வார்கள். அதன் பக்கவாட்டில்தான் யமுனோத்ரி. பக்கத்தில் சுவர்க்காரோகிணி, பாண்டவர்கள் சொர்க்கம் ஏறிய வழி என்ற நம்பிக்கை உள்ள சிகரம். கிழக்கே ஸ்ரீகண்டா, கேதார்நாத் சிகரங்கள், வானம் மிகத் தெளிவாக இருந்தால் பத்ரிநாத்துக்குப் பின்னால் நிற்கும் சௌகம்பா. ஒன்பது மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்பி இதையெல்லாம் மூடத் தொடங்கும். அதனால்தான் விடியலை வற்புறுத்துகிறேன்.

நீங்கள் நிற்கும் இந்த முகட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. வடக்குச் சரிவில் விழும் மழை அக்லார் ஆற்றில் சேர்ந்து யமுனைக்குப் போகிறது. தெற்குச் சரிவில் விழுவது ரிஸ்பனா, சோங் என்று ஓடிக் கங்கைக்குப் போகிறது. இந்தச் சாலையின் இரு ஓரத்திலும் விழும் தண்ணீர் மறுபடி சந்திப்பது பிரயாகையில்.

வடக்குப் பக்கச் சாலையில் ஓரிடத்தில் காடு இறங்கும் சரிவில் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1828 வாக்கில் தொடங்கியது. வாயில் பூட்டியிருந்தால் காவலரைத் தேடி அனுமதி கேளுங்கள், தாண்டிக் குதிக்க வேண்டாம். கல்வெட்டுகளை நின்று வாசியுங்கள். இருபது, இருபத்திரண்டு வயதுச் சிப்பாய்கள், பிரசவத்தில் போன பெண்கள், சில மாதமே வாழ்ந்த குழந்தைகள். தேறலாம் என்று மேலே வந்து தேறாமல் போனவர்கள். படம் எடுப்பதைவிட அங்கே சும்மா நிற்பதே மரியாதை.

அப்படியே சுற்றி வந்தால் கெல்லாக் நினைவு தேவாலயம், 1903இல் கட்டியது. சாமுவேல் கெல்லாக் அமெரிக்கப் பாதிரியார். 1876இல் இந்தி மொழிக்கு விரிவான இலக்கணம் எழுதியவர். 1899இல் இதே லண்டோரில் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து இறந்தார். தேவாலயத்தை ஒட்டி இயங்கும் மொழிப்பள்ளியில் இன்றும் வெளிநாட்டுக்காரர்கள் இந்தியும் உருதும் கற்கிறார்கள். சாலையில் ஒரு ஐரோப்பியப் பெண் பழக்காரரிடம் சுத்தமான இந்தியில் பேரம் பேசினால் வியக்காதீர்கள், அது வீட்டுப்பாடமாகவும் இருக்கலாம்.

அதே சுற்றில் அடுத்தது சிஸ்டர்ஸ் பஜார். ராணுவ ஆஸ்பத்திரியின் செவிலியர்கள், அதாவது சிஸ்டர்கள், இந்தப் பக்கம் தங்கியிருந்ததால் வந்த பெயர். இங்கே பிரகாஷ் கடையில் வேர்க்கடலை வெண்ணெய், ஜாம், செடார் சீஸ் வாங்கலாம். வேர்க்கடலை வெண்ணெய் செய்யும் பழக்கத்தை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்க மிஷனரிக் குடும்பங்கள். அவர்கள் பிள்ளைகள் படித்த உட்ஸ்டாக் பள்ளி, 1854இல் தொடங்கியது, கீழ்ச் சரிவில் இருக்கிறது. லண்டோர் பேக்ஹவுஸில் இலவங்கப்பட்டை ரோலும் காப்பியும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருங்கள். மதியம் கூட்டம் வரும், காலையில் போனால் இடம் கிடைக்கும்.

இப்போது வின்டர்லைன். அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை, மாலையில் மேற்கு வானம் தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். குளிர்காலத்தில் சமவெளியின் தூசியும் புகையும் குளிர்ந்த காற்றோடு கீழே தங்கிவிடுகின்றன, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. அந்தத் தூசிப் படலத்தின் மேல்விளிம்பு நேர்கோடாக, இரண்டாவது தொடுவானம் போலத் தெரியும். சூரியன் உண்மையான தொடுவானத்துக்கு முன்பே அந்தக் கோட்டுக்குள் இறங்கிவிடும். அப்புறம் கோடு முழுவதும் ஆரஞ்சு, செம்மை, ஊதா என்று நெடுநேரம் எரியும். கீழே டேராடூனின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும். சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். நிறம் அதற்கப்புறம்தான் முற்றும். குல்லாயை இழுத்து மூடிக்கொண்டு இன்னும் அரை மணி நில்லுங்கள்.

இருட்டிய பிறகு தனியாகக் காட்டுச் சாலையில் நடக்க வேண்டாம். சிறுத்தை உள்ள மலை இது. டார்ச்சோடு சேர்ந்து போங்கள், பேசிக்கொண்டே போங்கள்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை

கஃபேக்களிலேயே மூன்று வேளையும் முடித்துவிடாதீர்கள். தங்கும் வீட்டில் கேட்டால் இந்த மலைப்பகுதிக்கே உரிய கட்வாலி சாப்பாடு செய்து தருவார்கள். பெயர்கள் புதிதாக இருக்கும், தானியங்கள் நமக்குப் பழக்கமானவை: மண்டுவா ரொட்டி என்பது கேழ்வரகு ரொட்டி. கஹத் பருப்பு என்பது கொள்ளு. ஜங்கோரா கீர் என்பது குதிரைவாலிப் பாயசம். குளிர்ந்த இரவில் சூடான கொள்ளுப் பருப்பும், நெய் தடவிய கேழ்வரகு ரொட்டியும், கீரையும் சாப்பிட்டால் உடம்புக்குள் அடுப்பு மூட்டியதுபோல இருக்கும். முதல் நாளே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும்.

திபெத்தியச் சாப்பாடும் இங்கே நன்றாக இருக்கும். 1959 மார்ச் இறுதியில் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்த தலாய் லாமா, ஏப்ரலிலிருந்து தங்கியது முசூரியில்தான். மறு வருடம்தான் தர்மசாலா போனார். அவரோடு வந்தவர்களின் குடும்பங்கள் பல இங்கேயே தங்கிவிட்டன. துக்பா என்ற நூடுல்ஸ் சூப் ஒரு கிண்ணம், மோமோ ஒரு தட்டு போதும்.

மூன்றாம் நாள் இருந்தால்

இரண்டு வழி சொல்கிறேன், ஒன்றை மட்டும் எடுங்கள்.

காடு பிடிக்குமென்றால் ஜபர்கேத். தனௌல்டி போகும் சாலையில், லண்டோரிலிருந்து சில கிலோமீட்டர். தனியார் காடு, சுமார் 100 ஏக்கர். கட்டணம் கட்டி, குறித்த பாதைகளில் நடக்கலாம். வழிகாட்டியோடு போனால் சிறுத்தையின் தடம், கேளையாட்டின் எச்சம், மரப்பட்டையில் கரடி நகம் பட்ட இடம் என்று கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் காட்டுவார்கள். இந்த மலைப்பக்கம் ஒரு காலத்தில் இமாலயக் காடை என்ற பறவை இருந்தது. 1860களில் ஜரிபானிப் பக்கம் கிடைத்திருக்கிறது. 1876இல் நைனிடால் அருகே கடைசியாகப் பதிவானது. அதற்கப்புறம் உறுதியான பதிவே இல்லை. ஆனாலும் முற்றிலும் அழிந்தது என்று இன்னும் எழுதிவிடவில்லை. புல்சரிவுகளைக் கடக்கும்போது அதை நினைக்காமல் என்னால் நடக்க முடிவதில்லை.

சரித்திரம் பிடிக்குமென்றால் முசூரியின் மறுகோடி, ஹாத்திபாவ். அங்கே நில அளவைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட் 1832 முதல் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்த வீடு இருக்கிறது. தமிழர்கள் போய்ப் பார்க்கத் தனிக் காரணம் ஒன்று உண்டு. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் நில அளவை 1802 ஏப்ரல் 10ஆம் தேதி சென்னையில் பரங்கிமலைப் பக்கம் ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கியது. தொடங்கியவர் வில்லியம் லாம்டன். 1808இல் அவருடைய அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் தியோடலைட் கருவி தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சேதமானது. அவரே உட்கார்ந்து வாரக்கணக்கில் செப்பனிட்டார். குமரிமுனையிலிருந்து வடக்கே நீண்ட அந்த அளவுக்கோடு, எவரெஸ்ட் காலத்தில், இந்த வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பனோக் மலையில் வந்து முடிந்தது. நாம் ரயிலில் இரண்டு நாளில் கடந்த தூரம் அவர்களுக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தது.

ஊர்க்காரர்களுக்காகச் சில வேண்டுகோள்

சார் துகான் வரை காரைக் கொண்டுபோகாதீர்கள். மேலே நிறுத்த இடமில்லை. ஒவ்வொரு காரும் பள்ளிப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரி போகிறவர்களையும் மறித்து நிற்கிறது. சொந்தக் காரில் வந்தால் பிக்சர் பேலஸ் பார்க்கிங்கில் விட்டுவிடுங்கள். நடக்க முடியாத பெரியவர்களை உள்ளூர் டாக்சியில் அனுப்புங்கள்.

இங்கே நெடுங்காலமாக வாழும் வயதான எழுத்தாளர் ஒருவரின் வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டும் வழக்கம் பயணிகளிடம் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனாலும் அது ஒருவரின் வீடு, அவருக்கு ஓய்வு வேண்டும். வாசலில் நின்று படம்கூட எடுக்காமல் கடந்துவிடுங்கள். பழைய பங்களா வாயில்கள் எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். அழகாக இருப்பதால் அவை காட்சிக்கூடம் ஆகிவிடாது.

ஸ்பீக்கரில் பாட்டு வைக்காதீர்கள். நடக்கும்போது காதைத் திறந்து வையுங்கள். விடியலில் ஓடையோரம் சீழ்க்கையடிக்கும் கருநீலப் பறவை, விசிலிங் த்ரஷ், மனிதர் யாரோ யோசனையோடு விசிலடிப்பதுபோலவே இருக்கும். குரங்குகளுக்கும் லங்கூர்களுக்கும் தீனி போடாதீர்கள், தின்பண்டத்தைக் கையில் தொங்கவிட்டும் நடக்காதீர்கள்.

இறங்கும் நாள்

காலையில் இன்னொரு முறை சக்கர் நடந்துவிட்டு, பத்து மணிக்குள் அறையைக் காலி செய்யுங்கள். பெட்டியை டாக்சியில் அனுப்பி, முல்லிங்கர் சரிவில் இறங்கி வாருங்கள். இறக்கத்தில் முழங்கால் வலிக்கும், பக்கவாட்டில் காலை வைத்துக் குறுக்கு நெடுக்காக இறங்கினால் வலி குறையும். லண்டோர் பஜாரில் சூடாக ஜிலேபி சாப்பிட்டுவிட்டுப் பிக்சர் பேலஸில் பேருந்து பிடித்தால் மதியம் டேராடூன். மாலைச் சதாப்தியில் கிளம்புகிறவர்கள் மலைச்சாலை நெரிசலுக்காக இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு நந்தா தேவியில் டிக்கெட் இருக்கிறவர்களுக்கு அவசரமே இல்லை. அவர்கள் அந்த மாலை வின்டர்லைனையும் மேலேயே பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்தில் டாக்சியில் இறங்கலாம். டிரைவரிடம் முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் திடீரென்று வண்டி கிடைக்காது.